வேறு நோயாலும் மருந்தாலும் வந்த நீரிழிவு: பல்லையும் முரசையும் காப்பாற்ற முழுமையான வழிகாட்டி

இந்தக் குறிப்பு, நீரிழிவு இன்னொரு நோயாலோ மருந்தாலோ வந்தவர்களுக்கும் அவர்களை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும். டொக்டர்கள் இதை இரண்டாம்நிலை நீரிழிவு என்பார்கள். கொழும்பில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக இருப்பதால், இவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அடிக்கடி பார்க்கிறேன். கதிரையில் இருந்ததும் "சீனி இருக்கு" என்று மட்டும் சொல்வார்கள். அது எதனால் வந்தது என்று சொல்லமாட்டார்கள். பல் பிடுங்கும் முன் டொக்டருக்குத் தெரியவேண்டியதில் பாதி அந்தச் சொல்லாத விஷயத்தில்தான் இருக்கிறது.

சாதாரண நீரிழிவில் வாயைத் தாக்குவது கூடிய சீனி. இங்கே சீனியோடு மூல நோயும், அதற்குக் குடிக்கும் மருந்தும் சேர்ந்து தாக்கும். அதனால் கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள். முதல் இரண்டு படிகளில் வாயைத் தொடவே மாட்டோம். ஆனால் அவற்றை விட்டுவிட்டு நேரே பிரஷிலும் பற்பசையிலும் தொடங்குபவர்கள்தான் பிறகு சிக்கிக்கொள்கிறார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

கிளினிக் புத்தகம். கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவுகள். வீட்டில் சீனி பார்க்கும் மெஷின். மென்மையான நாரிழை உள்ள பிரஷ், ஃபுளோரைட் உள்ள பற்பசை, பல்லிடை பிரஷ். நல்ல வெளிச்சம் தரும் டோர்ச், அல்லது போன் லைட். ஒரு சிறிய கொப்பி.

இவற்றோடு மருந்து உறைகளையும் எறியாமல் வையுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் குளிசையைச் சிறிய கடதாசி உறையில் போட்டு, மேலே பெயரைப் பேனையால் எழுதித் தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் குளிசையைப் போத்தலில் கொட்டிவிட்டு உறையைக் குப்பையில் போடுவது நம் வழக்கம். பிறகு "வெள்ளைக் குளிசை, காலையில் ரெண்டு" என்றால் யாருக்கும் விளங்காது.

1. சீனி எதனால் வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள்

கொப்பியின் முதல் பக்கத்தில் மூன்று வரி போதும்: மூல நோயின் பெயர், அதற்கு எடுக்கும் மருந்துகளும் அளவும், சீனி எப்போது கண்டுபிடிக்கப்பட்டது. தெரியாவிட்டால் அடுத்த கிளினிக்கில் டொக்டரிடமே எழுதித் தரச் சொல்லுங்கள். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், காரணம் மாறினால் வாயில் கவனிக்கவேண்டியதும் மாறும்.

ஸ்டீரொய்ட், அதாவது பிரெட்னிசொலோன், டெக்ஸாமெதசோன் போன்றவற்றால் வந்தது என்றால், மூன்று விஷயம். வாயில் பூஞ்சைத் தொற்று எளிதில் வரும். தொற்று இருந்தாலும் வீக்கம், நோவு, காய்ச்சல் குறைவாகவே தெரியும், ஏனென்றால் ஸ்டீரொய்ட் அவற்றை அமுக்கிவிடும். மூன்றாவது, நாள்பட எடுத்திருந்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பி சோம்பிப்போயிருக்கும். பல் வேலைக்காக யாராவது அந்தக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நாள்பட ஸ்டீரொய்ட் எடுப்பவர்களுக்கு எலும்பு தேயாமல் இருக்க அலென்ட்ரோனேட் போன்ற குளிசை கொடுப்பதுண்டு. பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று. தினமும் போடாததால் மருந்துப் பட்டியலைச் சொல்லும்போது எல்லோரும் மறப்பது இதைத்தான். இந்த மருந்து எடுப்பவருக்குப் பல் பிடுங்கினால், அரிதாக என்றாலும், தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் நிலை வரலாம். கொப்பியில் பெரிதாக எழுதுங்கள்.

சதையி எனப்படும் கணையம் பழுதாகி, அல்லது சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்டு வந்த சீனி வேறு விதமானது. இவர்களுக்கு இன்சுலினோடு சேர்ந்து, சீனியை ஏற்றிவிடும் குளூக்ககோன் என்ற ஹோர்மோனும் குறைந்துபோகும். அதனால் சாப்பாடு பிந்தினால் சீனி சடாரென்று இறங்கும், தானாக ஏறவும் கஷ்டப்படும். கொழுப்பு சமிக்காததால் விற்றமின் கே குறைந்திருந்தால், பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் நிற்கத் தாமதமாகும். சாப்பாட்டோடு போடும் கணைய நொதிக் கப்சூலை உடைத்து வாயில் வைத்திருந்தாலோ மென்றாலோ வாயின் உள்தோல் புண்ணாகும். முழுதாக விழுங்கி, உடனே தண்ணீர் குடிக்கவேண்டும்.

தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கு அடிக்கடி இரத்தம் ஏற்றியதால் இரும்பு தேங்கி வந்த சீனி என்றால், மண்ணீரல் அகற்றப்பட்டதா என்று எழுதுங்கள். அகற்றியவர்களுக்குத் தொற்று வேகமாகப் பரவும். இரும்பு இறக்க டெஃபெரிப்ரோன் எடுப்பவருக்கு வாய்ப்புண்ணும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், பல் டொக்டரிடம் போவதற்கு முன் அன்றைக்கே இரத்த அணு எண்ணிக்கை பார்க்கவேண்டும். அந்த மருந்து சிலருக்கு வெள்ளை அணுக்களை மிகவும் குறைத்துவிடும்.

சிறுநீரகம் மாற்றியவர்கள் எடுக்கும் டக்ரோலிமஸ், சைக்லோஸ்போரின் இரண்டும் சீனியை ஏற்றும். சைக்லோஸ்போரின் முரசைத் தடிக்கவும் வைக்கும். கூடவே பிரஷருக்கு அம்லோடிபின், நிஃபெடிபின் எடுத்தால் அது இன்னும் கூடலாம். ஒலன்சபின் போன்ற மனநல மருந்துகள் சீனியை ஏற்றி வாயையும் காயவைக்கும். குளோசபின் சீனியை ஏற்றினாலும் வாயில் எச்சிலைப் பெருக்கும்.

இரத்தப் புற்றுநோய்க்கு டெக்ஸாமெதசோனும் அஸ்பராஜினேஸும் ஏற்றும் பிள்ளைகளுக்கும் இடையில் சீனி ஏறுவதுண்டு. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலோ வேறெங்கோ சிகிச்சை பெறும் பிள்ளையின் பல்லில் எந்த வேலை செய்வதானாலும், அந்த வார்ட் டொக்டரைக் கேட்காமல் வெளியில் செய்விக்க வேண்டாம். வெள்ளை அணுவும், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டும் எந்த அளவில் இருக்கின்றன என்று பார்த்துத்தான் நாள் குறிக்கவேண்டும்.

2. சீனி எந்த நேரத்தில் ஏறுகிறது என்று கண்டுபிடியுங்கள்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். காலையில் பிரெட்னிசொலோன் எடுப்பவரின் சீனி விடிய வெறும் வயிற்றில் நன்றாகவே இருக்கும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறி, பின்னேரமும் முன்னிரவும் உச்சத்தில் நிற்கும். காலையில் மட்டும் குத்திப் பார்த்துவிட்டு "எனக்கு நோர்மல்" என்று இருப்பவருக்கு, முரசு ஏன் வீங்குகிறது என்று விளங்காமல் போவது இதனால்தான்.

ஒரு கிழமைக்குப் பகல் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் குத்திப் பார்த்து எழுதுங்கள். நேரத்தையும் எழுதவேண்டும். நேரம் இல்லாத எண்ணை வைத்து டொக்டரால் எதுவும் சொல்லமுடியாது.

எச்பிஏ1சி பரிசோதனையையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி நம்பமுடியாது. அது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி. போன கிழமைதான் ஸ்டீரொய்ட் தொடங்கினீர்கள் என்றால் அதில் இன்னும் தெரியாது. தலசீமியா உள்ளவர்கள், அண்மையில் இரத்தம் ஏற்றியவர்கள் என்றால் அந்த எண்ணே பிழையாக வரும். இவர்களுக்கு ஃபிரக்டோசமின் போன்ற வேறு பரிசோதனை தேவையா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

3. வாயை வெளிச்சத்தில் முழுதாகப் பாருங்கள்

கிழமைக்கு ஒருமுறை, பல் துலக்கிய பிறகு, கண்ணாடிக்கு முன்னால் டோர்ச்சோடு நில்லுங்கள். கட்டுப்பல் இருந்தால் முதலில் கழற்றுங்கள். அதைக் கழற்றாமல் பார்ப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை, ஏனென்றால் பூஞ்சை ஒளிந்திருப்பது அதற்கு அடியில்தான்.

மேலண்ணத்தில் தொடங்குங்கள். கட்டுப்பல்லின் அதே வடிவத்தில் சிவந்திருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அப்புறம் கன்னத்தின் உட்புறம், நாக்கின் மேல், நாக்கை வெளியே இழுத்து இரண்டு ஓரமும், நாக்கைத் தூக்கி அடியும். வெள்ளையாக ஏதாவது கண்டால் சுத்தமான கோஸ் துணியை விரலில் சுற்றி மெதுவாக வழித்துப் பாருங்கள். தயிர் ஆடை போல வழிந்து வந்து, அடியில் சிவந்த இடம் தெரிந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. வழித்தும் வராத வெள்ளைப் படலத்தையும், இரண்டு கிழமை தாண்டியும் ஆறாத புண்ணையும் டொக்டர் பார்த்தே ஆகவேண்டும். வெற்றிலை போடுபவர், சிறுநீரகம் மாற்றியவர் என்றால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் ஒன்று.

கடைசியாக முரசு. கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில் ஊத்தை கல்லாகப் படிவது கூட, அதனால் அங்கே கூடுதல் நேரம் பாருங்கள். ஆரோக்கியமான முரசு பல்லோடு இறுக்கமாக ஒட்டியிருக்கும். விளிம்பு ஊதி, மினுங்கி, தொட்டதும் இரத்தம் வந்தால் அழற்சி. பல் நீண்டது போலத் தெரிந்தால், அல்லது முன்பு இல்லாத இடைவெளி வந்தால், அடியில் எலும்பு கரைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெற்றிலைச் சாயம் முரசின் சிவப்பை மறைக்கும். புகைப்பவர்களுக்கு முரசு நோய் முற்றியிருந்தாலும் இரத்தம் அவ்வளவாக வராது. ஆகவே இவர்கள் இரத்தம் வரவில்லை என்பதை வைத்து ஆறுதல் கொள்ளமுடியாது.

கட்டுப்பல் திடீரென்று பொருந்தாமல் போய், மோதிரமும் சப்பாத்தும் இறுகி, பல்லுக்கிடையில் இடைவெளி விழுந்தால், அதை ஹோர்மோன் கிளினிக் டொக்டரிடம் சொல்லுங்கள். வளர்ச்சி ஹோர்மோன் கூடும் அக்ரோமெகலி என்ற நோயில் தாடை இப்படி வளரும். அதுவும் இரண்டாம்நிலை நீரிழிவுக்கு ஒரு காரணம்.

4. எது அவசரம் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்

இதைக் கடைசியில் வைப்பார்கள். நான் முன்னுக்கே வைக்கிறேன், ஏனென்றால் பல்வலி முற்றியபின் யாரும் கட்டுரை வாசிக்கமாட்டார்கள்.

வீக்கம் தாடைக்கு அடியிலோ கழுத்துக்கோ இறங்கினால், வாய் திறக்கமுடியாமல் போனால், நாக்கு மேலே தள்ளப்பட்டால், எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால், கண்ணைச் சுற்றி வீங்கினால், அது பல் கிளினிக்குக்கு உரிய விஷயம் இல்லை. 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கொழும்புக்குள் இருந்தால் தேசிய வைத்தியசாலையின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம்.

மேலண்ணத்தில் கறுத்த இடம், முகத்தின் ஒரு பக்கம் நோவு அல்லது மரத்துப்போதல், மூக்கிலிருந்து கறுப்பாக வடிதல் ஆகியவையும் அப்படியே. 2021இல் இந்தியாவில் கொவிட்டோடு பேசப்பட்ட கறுப்புப் பூஞ்சை இதுதான். கட்டுக்கடங்காத சீனி, ஸ்டீரொய்ட், இரும்பு தேங்கியவர்களுக்குக் கொடுக்கும் டெஸ்ஃபெரொக்சமின் ஊசி ஆகிய மூன்றும் அதற்கு வழிவிடும்.

பல் தொற்று இருக்கும்போது சீனி மிகக் கூடி, வாந்தியும், வேகமான மூச்சும், மந்தமான நிலையும் வந்தாலும் காத்திருக்க வேண்டாம். ஸ்டீரொய்ட் எடுப்பவர் வாந்தியால் குளிசையைத் தங்கவைக்க முடியாமல் போனால் அதுவே தனி அவசரம். ஆஸ்பத்திரியில் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள்.

சிங்களத்தில் பேசத் தடுமாறுபவர்கள் "தியவெடியாவ தியெனவா, ஸ்டீரொய்ட் கன்னவா" என்று சொன்னால் போதும். நீரிழிவு இருக்கிறது, ஸ்டீரொய்ட் எடுக்கிறேன் என்பது விளங்கிவிடும். மிச்சத்தைக் கொப்பி சொல்லும்.

5. தினசரிச் சுத்தம்: இந்த ஒழுங்கில்

கட்டுப்பல்லைக் கழற்றுங்கள். பிறகு பல்லிடை பிரஷ், அதன்பின் பற்பசையோடு பிரஷ், கடைசியில் துப்புதல். பல்லிடையை முதலில் சுத்தம் செய்தால் அங்கே அடைந்திருந்தது வெளியேறி, பற்பசையின் ஃபுளோரைட் உள்ளே போக இடம் கிடைக்கும்.

துப்பியபின் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம். நமக்கு இது ஒரு மாதிரித்தான் இருக்கும், சின்ன வயதிலிருந்து மூன்று நான்கு தரம் கொப்பளித்தே பழகிவிட்டோம். ஆனால் ஃபுளோரைட் பல்லில் தங்கினால்தான் வேலை செய்யும். வாய் காய்ந்தவர்களுக்கு, முரசு இறங்கி வேர் வெளியே தெரியும் இடத்தில் சூத்தை சீக்கிரம் விழும். அதைத் தடுப்பது இந்த மெல்லிய படலம்தான். பெரியவர்களுக்கு ஃபுளோரைட் அளவு 1000 பிபிஎம்முக்குக் குறையாத பற்பசை வாங்குங்கள், 1450 கிடைத்தால் இன்னும் நல்லது. டியூப்பின் பின்பக்கம் போட்டிருக்கும்.

ஒரு நாளில் இரண்டு தரம். இரண்டில் ஒன்றைத்தான் செய்யமுடியும் என்ற நிலை வந்தால் இரவை விடாதீர்கள். தூங்கும்போது எச்சில் மிகவும் குறையும், கிருமிக்கு அதுவே நல்ல நேரம்.

முரசில் இரத்தம் வருகிறது என்று பிரஷை நிறுத்துவது பெரிய பிழை. ஊத்தை படிந்ததால்தான் இரத்தம் வருகிறது. மெதுவாகத் தொடருங்கள். ஒன்றிரண்டு கிழமையில் குறையாவிட்டால் பல் டொக்டரிடம் போங்கள். பிளேட்லெட் குறைந்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் தங்கள் வார்டில் கேட்டுத்தான் செய்யவேண்டும்.

வாந்தி எடுத்தால் உடனே பிரஷ் பண்ணவேண்டாம். வயிற்று அமிலம் பல்லின் வெளி ஓடான மிளிரியை மென்மையாக்கியிருக்கும், தேய்த்தால் கழன்றுவிடும். தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி நேரமாவது பொறுங்கள்.

கட்டுப்பல்லை இரவில் கழற்றி, பிரஷால் தேய்த்துக் கழுவிச் சுத்தமான தண்ணீரில் போட்டு வையுங்கள். அதோடு தூங்குபவர்களுக்குப் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும்.

முட்டு வருத்தத்துக்கு ஸ்டீரொய்ட் இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பவேண்டும். பல் துலக்குவதற்கு முன் இன்ஹேலரை எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றாக முடியும்.

6. வாய் வறட்சியைத் தனியாகக் கவனியுங்கள்

எச்சில் குறைந்தால் சூத்தை, பூஞ்சை, கெட்ட மணம், எரிவு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சீனி கூடிச் சிறுநீர் அதிகம் போவதாலும் வாய் காயும், மருந்தாலும் காயும். சீனி அடங்கியபின்னும் காய்ந்தே இருந்தால் மருந்தைச் சந்தேகியுங்கள். நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம், டொக்டரிடம் சொல்லுங்கள்.

தண்ணீர்ப் போத்தல் பக்கத்தில் இருக்கட்டும். சீனியில்லாத சூயிங்கம் மென்றால் எச்சில் ஊறும். இனிப்பு டொஃபியை வாயில் ஒதுக்கிக்கொள்வதுதான் பலர் செய்யும் பிழை. சீனியும் ஏறும், பல்லும் போகும்.

ஸ்டீரொய்ட் பசியைத் தூண்டும். ஆகவே கையில் எப்போதும் ஏதாவது இருக்கும்: ஒரு பனிஸ், இரண்டு பிஸ்கட், கருப்பட்டித் துண்டோடு பிளேன்டீ. பல்லுக்கு எவ்வளவு சாப்பிட்டோம் என்பதைவிட எத்தனை தரம் சாப்பிட்டோம் என்பது முக்கியம். ஒவ்வொரு வாய்க்கும் கிருமி அமிலம் சுரக்கும், அதைச் சமப்படுத்த எச்சிலுக்கு நேரம் தேவை. இடைப்பசிக்குக் கடலை, அவித்த முட்டை, வெள்ளரிக்காய் என்று மாற்றிக்கொள்ளுங்கள். தேநீரைச் சீனியில்லாமல் பழகுங்கள்.

7. பூஞ்சைக்குப் பார்மசியில் நீங்களே மருந்து வாங்காதீர்கள்

வெள்ளைப் படலத்தைக் காட்டி ஒரு ஜெல் வாங்குவது சுலபமாகத் தெரியும். ஆனால் மைக்கோனசோல் ஜெல் வாயில் பூசினாலும் உடம்புக்குள் போகும். சீனிக்குக் கிளிக்லசைட் எடுப்பவருக்கு அது சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். இரத்தம் கட்டியாக உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தக் கசிவை உண்டாக்கும். டக்ரோலிமஸ் எடுப்பவரின் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஃபுளூக்கனசோல் கப்சூலிலும் இதே சிக்கல்கள் உண்டு.

நிஸ்டாட்டின் துளி மருந்து குடலில் உறிஞ்சப்படுவது மிகக் குறைவு, அதனால் டொக்டர்கள் பலருக்கும் அதைத் தருவார்கள். உடனே விழுங்காமல் வாய்க்குள் நன்றாகச் சுழற்றி வைத்திருக்கவேண்டும். குளோர்ஹெக்சிடின் வாய்கழுவியும் எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டையும் ஒன்றாகப் பாவிக்க வேண்டாம், குறைந்தது அரை மணி இடைவெளி விடுங்கள். குளோர்ஹெக்சிடின் நிஸ்டாட்டினைச் செயலிழக்கச் செய்யும்.

8. பல் டொக்டரிடம் போகும் நாள்

காலை நேரம் கேளுங்கள். காலையில் ஸ்டீரொய்ட் எடுப்பவரின் சீனி அப்போதுதான் கீழே இருக்கும். பின்னேரம் ஆறு மணிக்குத் தனியார் கிளினிக்கில் இடம் கிடைத்தது என்று போனால், சீனியின் உச்சத்தில் போய் உட்காருகிறீர்கள். வெள்ளிக்கிழமையும் போயாவுக்கு முதல் நாளும் பல் பிடுங்க வேண்டாம். அடுத்த நாள் வீங்கினால் அதே டொக்டரைக் காண்பது கஷ்டம்.

வோட் பிளேஸில் இருக்கும் தேசிய பல் வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். தேசிய வைத்தியசாலை கிளினிக்கில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கும் நாளிலேயே, பக்கம்தானே என்று பல்லையும் காட்டிவிட நினைப்பார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்தோ தெஹிவளையிலிருந்தோ விடிய வெளிக்கிட்டு, சாப்பிடாமல் வரிசையில் நின்று, பத்து மணிக்குக் கை நடுங்க வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். முடிந்தால் இரண்டு நாளாகப் பிரியுங்கள். முடியாவிட்டால் ஒழுங்கு இது: முதலில் இரத்தம் கொடுங்கள், பிறகு சாப்பாடும் மருந்தும், அதன்பின் பல். கைப்பையில் சாப்பாடும் கொஞ்சம் சீனியும் இருக்கட்டும்.

கதிரையில் இருக்கும் முன் சீனியைக் குத்திப் பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே என்றால் எதையும் தொடங்கக்கூடாது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். 200க்கு மேலே என்றால் டொக்டரிடம் சொல்லுங்கள். அவசரமில்லாத வேலையைத் தள்ளிவைப்பார். சீழ் கட்டியிருந்தால் சீனி இறங்கும்வரை காத்திருக்கவும் முடியாது, அந்தத் தொற்றே சீனியை ஏற்றிக்கொண்டிருக்கும். என்ன செய்வது என்பதைப் பல் டொக்டரும் சீனிக்குப் பார்க்கும் டொக்டரும் பேசித் தீர்மானிக்கட்டும்.

அன்றைய ஸ்டீரொய்ட் குளிசையைக் கட்டாயம் எடுத்துவிட்டுப் போங்கள். விறைக்க ஊசி போட்டுச் செய்யும் சாதாரண வேலைக்கு வழமையான அளவு பெரும்பாலும் போதும். பெரிய சத்திரசிகிச்சை, காய்ச்சலோடு தொற்று என்றால் அளவைக் கூட்டவேண்டி வரலாம். அதை மருந்து எழுதும் டொக்டர்தான் சொல்லவேண்டும்.

கொப்பியை ஊசி போடும் முன் நீட்டுங்கள். எலும்புக் குளிசை, வார்ஃபரின், மண்ணீரல் இல்லாதது ஆகிய மூன்றையும் வாயாலும் சொல்லுங்கள்.

சுத்தம் செய்வதற்கு மட்டும் போனால்கூட அது வீண்போகாது. முரசு நோய்க்கு ஒழுங்காகச் சிகிச்சை செய்தால் எச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்கு இறங்குவதாக ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. முரசில் நீடிக்கும் அழற்சி இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது, அது அடங்கினால் சீனியும் கொஞ்சம் அடங்குகிறது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் செய்யப்பட்டவை. கணையமே இல்லாதவருக்கு அதே அளவை எதிர்பார்க்கமுடியாது. ஆனால் அவருக்கும் தொற்று ஒன்று குறைவது லாபம்தான்.

9. பல் பிடுங்கிய பின்

கோஸை அரை மணி நேரம் இறுக்கிக் கடியுங்கள். முதல் நாள் கொப்பளிக்கவோ பலமாகத் துப்பவோ வேண்டாம், இரத்தக்கட்டி கழன்றுவிடும். அடுத்த நாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம்.

சாப்பாட்டை விடக்கூடாது. இன்சுலினையோ கிளிக்லசைட்டையோ எடுத்துவிட்டு, வாய் நோகுது என்று சாப்பிடாமல் படுத்தால் சீனி இறங்கிவிடும். போவதற்கு முன்பே மென்மையான சாப்பாடு தயாராக இருக்கட்டும்: குழைத்த சோறும் பருப்பும், தயிர், அவித்த முட்டை, ஆறவைத்த கஞ்சி. அதுவும் இறங்காவிட்டால் சீனியைப் பார்த்து, மருந்தின் அளவை டொக்டரிடம் கேளுங்கள்.

நோவுக்கு டிக்லோஃபெனாக், இபுபுரூஃபென் வாங்கிப் போடவேண்டாம். ஸ்டீரொய்ட்டோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் வரலாம், டக்ரோலிமஸோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஈரல் நோய் இல்லாதவர்களுக்குப் பரசிட்டமோல் சரியான அளவில் பாதுகாப்பானது. மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதித் தந்தால் அது முடியும்வரையும் அதற்குப் பின் இரண்டு மூன்று நாளும் மது தொடக்கூடாது. மதுவால் கணையம் கெட்டவர்களுக்கு இதை நேரடியாகச் சொல்லவேண்டும், வெட்கப்பட்டு மறைக்கும் விஷயம் இது இல்லை.

கராம்பு எண்ணெயை முரசில் ஊற்றுவது, அஸ்பிரினைப் பல்லடியில் ஒதுக்குவது இரண்டும் வேண்டாம். காய்ந்து மெலிந்த உள்தோல் வெந்து, இருக்கும் நோவோடு புண்ணும் சேரும்.

ஸ்டீரொய்ட் எடுப்பவர்கள் நோவு இல்லை என்பதால் ஆறிவிட்டது என்று நினைக்கவேண்டாம். ஒரு கிழமையில் கட்டாயம் காட்டுங்கள். அதற்கு முன் கெட்ட சுவை, வடிதல், வாய் திறக்கக் கஷ்டம், காரணமில்லாமல் சீனி ஏறுதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் போங்கள். காய்ச்சல் வராமலே சீனி ஏறுவது சிலநேரம் தொற்றின் முதல் அடையாளமாக இருக்கும்.

10. மருந்தின் அளவு மாறும்போதெல்லாம் கொப்பியை மாற்றுங்கள்

இரண்டாம்நிலை நீரிழிவு நிலையாக நிற்பதில்லை. ஸ்டீரொய்ட்டைக் குறைக்கக் குறைக்கச் சீனியும் இறங்கும், இன்சுலின் அளவையும் அதோடு குறைக்கவேண்டும். சிலருக்குச் சீனி முழுதாகவே போய்விடும். அப்படிப் போனாலும் கரைந்த எலும்பு திரும்ப வராது, பல் ஆட்டம் இருந்தால் அப்படியே இருக்கும். ஸ்டீரொய்ட்டை நிறுத்தி மாதக்கணக்காகியும் அதிரீனல் சுரப்பி பழைய நிலைக்கு வராமல் இருக்கலாம். "இப்ப ஒரு மருந்தும் இல்லை" என்று பல் டொக்டரிடம் சொல்லாமல், எப்போது நிறுத்தினீர்கள் என்று திகதியோடு சொல்லுங்கள்.

முரசு நோய் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் வாயைக் காட்டலாம். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கோ எலும்பு தேயாமல் இருக்கப் போடும் ஊசிக்கோ பெயர் கொடுத்திருப்பவர்கள் அதற்கு முன்பே பிடுங்கவேண்டிய பல்லைப் பிடுங்கி, ஆறவிட்டு, பல் டொக்டரிடம் கடிதம் வாங்கி, கிளினிக் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.